கனகாம்பிகையின் சலாதுப்பால்

என் குஞ்சியப்பு சீவரத்தினம் ஞாயிற்றுக்கிழமைகளில் சலாது செய்வார். வீட்டுக் குசினி அடுப்படியில் அல்ல. வீட்டின் பின்புறம், கிணற்றுக்குப் போகும் வழியில் கிடந்த ஒரு பழைய வாங்கில், நீளப் பலகை இருக்கையில், வைத்துச் செய்வார். அந்த வாங்கு, ஒரு பீங்கான் கோப்பை, ஒரு மரக்கரண்டி, கைக்கடக்கமான ஒரு கல்லுரல், மூடி போட்ட ஒரு தகரப்பேணி, இவ்வளவும் அவருக்கென்று தனியாக இருந்தன. சின்னம்மா அவற்றைத் தொடமாட்டார். வளவு கூட்டும்போது விளக்குமாறு அந்த வாங்கின் காலில் பட்டுவிட்டால்கூட, கைகால் கழுவிவிட்டுத்தான் குசினிக்குள் போவார்.

குஞ்சியப்பு என் ஐயாவின் தம்பி. சின்னம்மா கனகாம்பிகை அவருடைய மனைவி. நீர்வேலியில் எங்கள் இரண்டு வீடும் ஒரே வளவில்தான். நடுவில் இருபது முப்பது கதலி வாழைகள் மட்டும் நின்றன. இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கேட்கும்.

சின்னம்மாவைப் பற்றிச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் எங்கள் ஊரில் எவரும் சொல்வார்கள். புத்தூரில் ஒரு தோட்டக்காரரின் மூன்றாவது மகள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பன்னிரண்டு வயதில் தீட்சை கேட்டவர். அன்று தொடக்கம் காலையில் குளித்து, திருநீறு பூசி, அனுட்டானம் பார்க்காமல் பச்சைத் தண்ணீரும் வாயில் வைத்ததில்லை. மச்சம் மாமிசம் என்ற பேச்சே அவருடைய வீட்டில் இல்லை. 1946இல் கொழும்புக் கிளாக்கர் மாப்பிள்ளை என்று குஞ்சியப்புவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கலியாணம் முடிந்து பதின்மூன்றாம் நாள் ரயில் ஏறினார். அதன்பிறகு பதினாறு வருடம் தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும் ஆவணிக்குமாக வந்து வந்து போனார். பிள்ளைகள் இல்லை. நான்தான் அவர்களுக்குப் பெறாமகன். எங்கள் வளவிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். நான் பட்டச் சட்டையோடு எடுத்த படத்தில் ஒரு கொப்பியைச் சின்னம்மா கேட்டு வாங்கித் தன் விறாந்தையில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். குஞ்சியப்பு செத்தபோது கொள்ளி வைத்ததும் நான்தான்.

சலாது முதன்முதல் எங்கள் வளவுக்குள் வந்தது 1956இல். நான் சிறுவன். ஆவணி லீவுக்கு வந்த குஞ்சியப்பு, தான் வேலை பார்த்த கந்தோரில் ஒரு துரையின் பிரியாவிடைக்குப் போனதையும் அங்கே தந்த சலாதையும் பற்றிச் சொன்னார். பச்சை இலையும் தக்காளியும் வெள்ளரியும் வெட்டி வைத்து, அதன்மேல் முட்டை மஞ்சட்கருவில் எண்ணெய் விட்டு விட்டு அடித்தெடுத்த களியை ஊற்றுவார்களாம். அது வெண்ணெய் மாதிரி வழியுமாம். தான் அதைத் தொடவில்லை என்றும் சொன்னார். ஆனால் சொன்ன விதத்தில், தொடாமல் விட்டது அவருக்கு எவ்வளவு கவலை என்பது தெரிந்தது.

அடுத்த லீவில் வந்தபோது அவர் தானே குசினிக்குள் போய் இருந்து, ஒரு கோப்பை நிறைய மஞ்சள் களி செய்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“உதென்ன மஞ்சளாய்க் கிடக்கு?” என்று சின்னம்மா கேட்டார்.

“சலாதுப்பால். சலாதுக்கு மேலை விடுறது.”

“பால் மஞ்சளாய் இருக்குமோ?”

“தேங்காய்ப்பால்தான், அம்பிகை. முட்டை கிட்டை ஒண்டும் இல்லை.”

“அவையள் முட்டையை அடிச்சு ஊத்திறவை எண்டு போன முறை நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“அது அவையள். இது நான்.”

“ஓம், ஓம்” என்றார் சின்னம்மா.

அந்த ‘ஓம், ஓம்’ எப்படிப்பட்டது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்; நம்பாத கதைக்குச் சொல்கிற ஆமாம் அது. குஞ்சியப்பு ஒரு விஷயத்தை ஒருமுறைதான் சொல்வார். இரண்டாம் முறை சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிற மனிதர். அன்று பின்னேரம் சின்னம்மா அம்மியையும் குழவியையும் சாம்பலும் புளியும் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவினார். “உந்தச் சாமானை என்ரை குசினிக்குள்ளை இனிச் செய்ய வேண்டாம்” என்றார். அடுத்த லீவுக்குக் குஞ்சியப்பு கல்லுரலும் கரண்டியும் தகரப்பேணியுமாகக் கொழும்பிலிருந்து வந்து இறங்கினார்.

அந்தத் தகரப்பேணிதான் சின்னம்மாவுக்குப் பெரிய அத்தாட்சி. உலக யுத்த காலத்தில் முட்டைப் பவுடர் என்று ஒன்று தகரத்தில் அடைத்து வந்ததாக அவர் கேள்விப்பட்டிருந்தார். குஞ்சியப்பு பேணியைத் திறந்து ஒரு சிட்டிகை மஞ்சள் தூளை எடுத்துக் கோப்பைக்குள் போடுவதை யன்னலால் ஒருநாள் கண்டார். அதற்கு மேல் கேள்வி இல்லை. என் அம்மாவிடம் வந்து, “மச்சாள், இவர் முட்டைப் பவுடர் போட்டுத் தின்னுறார். நான் என்ன செய்ய?” என்று மெல்லச் சொன்னார். அம்மா வேறு யாருக்கோ சொன்னார். மூன்று மாதத்தில் நீர்வேலிச் சந்தி வரைக்கும் குஞ்சியப்புவுக்கு ‘முட்டைக் கிளாக்கர்’ என்ற பெயர் விழுந்துவிட்டது. அரசாங்க உத்தியோகத்தருக்குக் கட்டாயமாக்கிய சிங்களச் சோதனை பாஸாகாமல் 1962இல் பென்சனோடு ஊருக்கு வந்து சேர்ந்த குஞ்சியப்பு, அந்தப் பெயரைக் கேட்டும் கேட்காதவர் போல இருந்தார்.

வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சலாதுதான். மாரிகாலத்தில் கிணற்றடியில் ஒரு சின்னப் பாத்தியில் சலாது இலை நட்டிருப்பார். மற்றக் காலத்தில் வெள்ளரியும் தக்காளியும் வெண்காயமும். வெட்டி அடுக்கி, மஞ்சள் பாலை மேலே ஊற்றி, இரண்டு துண்டுப் பாணோடு வாங்கில் இருந்து தனியே சாப்பிடுவார். முதல் ஒன்றிரண்டு வருடம் ஒவ்வொரு ஞாயிறும், “அம்பிகை, ஒருவாய் சாப்பிட்டுப் பாரன்” என்று குசினிப் பக்கம் பார்த்துக் கேட்பார். உள்ளேயிருந்து பதில் வராது. பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். மற்றபடி அவர்களுக்குள் சண்டை என்று ஒன்றை நான் கண்டதில்லை. வாரத்தின் மற்ற ஆறு நாளும் சின்னம்மா வைத்த சோறு கறியை அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

1970 மார்கழியில், கிணற்றடியில், துலாக் கயிற்றைப் பிடித்தபடி விழுந்தார். தூக்கி வந்து விறாந்தையில் கிடத்தியபோது மூச்சு இல்லை.

சின்னம்மா அழவில்லை. செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோது, அவர்களுடைய முதுகைத் தடவிக்கொண்டு இருந்தார். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. அவர் வழக்கம்போல விடியக் குளித்தார், விளக்கு வைத்தார், ஒரு சுண்டு அரிசி போட்டுச் சமைத்தார். வளவைக் காலையிலும் மாலையிலும் கூட்டினார். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டுவதையும் நான் கண்டிருக்கிறேன். யாராவது எதையாவது கேட்டால் “ஓம்” என்பார். கேட்டது என்னவென்று அவருக்குத் தெரிந்ததா என்பது நிச்சயமில்லை. “அவளுக்குக் கல்லு மனம்” என்று கிணற்றடிகளில் கதைத்தார்கள். அம்மா ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

“ஒருக்கால் அழுது தீர்த்தாலென்ன, கனகாம்பிகை?”

“வருகுதில்லை மச்சாள்” என்றார் சின்னம்மா. தலையிடி வருகிறதா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

ஆண்டுத் திவசத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில் ஐயா சின்னம்மாவின் விறாந்தையில் இருந்து சாமான் பட்டியல் சொல்ல, நான் எழுதினேன். செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்து இலையில் படைக்க வேண்டும். படைத்துக் கதவைச் சாத்திவிட்டால் அவர் வந்து சாப்பிட்டுப் போவார். அதன்பிறகுதான் மற்றவர்களுக்குப் பந்தி. கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, பயற்றங்காய், பாயசம், வடை என்று ஐயா அடுக்கிக்கொண்டு போனார்.

சின்னம்மா தூணில் சாய்ந்து நின்றார். “அண்ணை, அவர்ரை சலாதும்” என்றார்.

ஐயா நிமிர்ந்து பார்த்தார். “உனக்கென்ன விசரோ பிள்ளை? திவசப் படையலிலை முட்டையோ?”

“அதுதான் அவருக்கு எல்லாத்திலும் விருப்பம்.”

“விருப்பமெண்டால்? சாராயத்திலை விருப்பமெண்டால் சாராயமும் வைக்கிறதோ? ஐயர் வந்து தர்ப்பணம் செய்யிற வீடு.”

“ஓம்” என்றார் சின்னம்மா. அதோடு பேச்சு முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை காலை அவர் வெள்ளைச் சேலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, கொக்குவிலிலை செபநாயகம் எண்டு இவரோடை சமறியிலை இருந்தவர். வீடு தெரியுமோ?”

சமறி என்பது கொழும்பில் எங்கள் ஊர்க் கிளாக்கர்மார் ஐந்தாறு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு இருந்த வீடு. செபநாயகத்தார் அங்கே குஞ்சியப்புவோடு ஒரே அறையில் பத்து வருடம் இருந்தவர். செத்தவீட்டுக்கும் வந்திருந்தார்.

“தெரியும். என்னத்துக்குச் சின்னம்மா?”

“முட்டை போட்டவரோ இல்லையோ எண்டு கேக்க வேணும். போட்டிருந்தால் விடுவம். போடேல்லை எண்டால் வைக்க வேணும். இலையிலை அது இல்லாமல் அவர் வந்து பார்த்திட்டுப் போகப்படாது.”

அவ்வளவு நீளமாக அந்த ஒரு வருடத்தில் அவர் கதைத்து நான் கேட்டதில்லை. பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கொக்குவில் போனோம். வழி நெடுக அவர் கைப்பையை மடியில் வைத்து, முன் ஆசனத்தின் முதுகைப் பார்த்தபடி இருந்தார்.

செபநாயகத்தார் வீட்டுக்கு முன்னால் கதிரை போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி, சறத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “வாங்கோ தங்கச்சி, வாங்கோ. இஞ்சை ஆர் வந்திருக்கினம் எண்டு வந்து பாருமப்பா!” என்று உள்ளே குரல் கொடுத்தார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். சுகம் விசாரித்து முடியும்வரை சின்னம்மா காத்திருந்தார். பிறகு கேட்டார்.

“அண்ணை, இவர் சலாதுக்கு விடுகிற பாலுக்குள்ளை முட்டை போட்டவரோ?”

செபநாயகத்தார் முதலில் சிரித்தார். “முட்டையோ? சீவரத்தினமோ? நல்ல கதை! நாங்கள் முட்டை பொரிச்ச தாச்சியிலை தனக்கு அப்பளம் பொரிக்கவே விடமாட்டான். தனக்கெண்டு ஒரு தாச்சி வாங்கி, அதிலை பேரும் வெட்டி வைச்சிருந்தவன். அந்தத் தாச்சியை ஒருநாள் நான் மாறித் தொட்டுப்போட்டன் எண்டு இரண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை.”

“அப்ப அந்தப் பால்?”

“அது அவன்ரை சொந்த மூளை. நாங்கள் முட்டையிலை அடிப்பம். இவன் ஒரு மூலையிலை இருந்து கச்சான் கடலையை ஊறவைச்சுத் தோல் உரிச்சு அரைப்பான். தேங்காயிலை தண்ணி விடாமல் முதற்பால் பிழிஞ்சு, அதிலை கரைப்பான். கொஞ்சம் கடுகு, உப்பு, ஒரு துளி சீனி. கடைசியாய்த் தேசிக்காய்ப் புளி. அதுவும் சொட்டுச் சொட்டாய். எங்கடை முட்டைக் களியைவிட நல்லாய் வரும், தெரியுமோ? நான் களவாய் அவன்ரை கோப்பையிலைதான் தொட்டுத் தின்னுறனான்.”

“மஞ்சளாய்க் கிடந்தது” என்றார் சின்னம்மா.

“ஓ, அதுவோ! முதலிலை வெள்ளையாய்த்தான் செய்தவன். நாங்கள்தான், ‘உதென்னடா வருத்தக்காரன்ரை கஞ்சி மாதிரி’ எண்டு பகிடி பண்ணினனாங்கள். ரோசக்காரனெல்லே. அடுத்த ஞாயிறு கறிக்குப் போடுற மஞ்சள்தூளிலை ஒரு சிட்டிகை போட்டு, எங்கடை மாதிரியே மஞ்சளாய்க் கொண்டுவந்து வைச்சுப்போட்டு, ‘இப்ப சொல்லுங்கோடா’ எண்டான். பிறகு அதுவே பழகிப்போச்சு. அந்தத் தூளைக்கூட ஒரு பேணியிலை தனியாய் வைச்சிருந்தவன். குசினித் தூளிலை ஆரின்ரையோ மச்சக் கரண்டி பட்டிருக்குமாம்.”

சொல்லிவிட்டு அவர் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. அவருடைய மனைவிதான், “ஏன் தங்கச்சி, உங்களுக்கு அவர் இதொண்டும் சொல்லேல்லையோ?” என்று கேட்டார்.

“சொன்னவர்” என்றார் சின்னம்மா. “ஒருக்கால் சொன்னவர்.”

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதை முழுவதும் குடித்துவிட்டு, பால் எந்த அளவில் பிழிவது, கச்சான் எவ்வளவு நேரம் ஊறுவது, கடுகு வறுப்பதா பச்சையாக அரைப்பதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். செபநாயகத்தார் கையால் ஆட்டி ஆட்டிக் காட்டினார். ஒரு பக்கமாகவே கிண்ட வேண்டும் என்றார். திவசத்துக்கு வரும்படி சொல்லிவிட்டு எழும்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா உடை மாற்றாமலே பின்பக்கம் போனார். வாங்குக்கு மேலே, பின் தாழ்வாரக் கூரை வளையில் செருகியிருந்த தட்டில், தகரப்பேணி அப்படியே இருந்தது. ஒரு வருடமாக யாரும் தொடவில்லை. மூடி துருப்பிடித்து இறுகிவிட்டது. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். உள்ளே தூள் கட்டியாகிக் கிடந்தது. சின்னம்மா மூக்கருகே கொண்டுபோனார். தன் வாழ்நாள் முழுவதும் தானே அவித்து, காயவைத்து, இடித்த சாமான். அந்த மணம் அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

“மஞ்சள்தான்” என்றார். பேணியை மூடி, குசினிக்குள் கொண்டுபோய் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அடுத்த நாள் பழகிப் பார்த்தார். எங்கள் பெண்கள் யாரும் விடக்கூடிய பிழையையே விட்டார். தேங்காய்ப்பால் என்றால் சொதி, சொதி என்றால் அடுப்பு. பச்சைப்பாலைப் படைப்பது எப்படி என்று பாலைச் சட்டியில் விட்டு ஒரு கொதி காட்டி இறக்கி, சூடு ஆறுமுன் கச்சானைக் கரைத்துப் புளியை விட்டார். பால் திரைந்து, தண்ணீர் வேறு, கட்டி வேறாகப் பிரிந்து நின்றது.

“அவர் அடுப்பிலை வைச்சதாகச் செபநாயகத்தார் சொல்லேல்லையே, சின்னம்மா” என்றேன். குஞ்சியப்பு வாங்கில்தான் எல்லாம் செய்தார், அடுப்படிக்கே வரவில்லை என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் நினைவுக்கு வந்தது.

அதற்கடுத்த நாள் பாலுக்கு நெருப்பைக் காட்டவில்லை. கச்சானை அம்மியில் வெண்ணெய் பதத்துக்கு வரும்வரை அரைத்தார். பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கிண்டினார். தேசிக்காயைப் பிழிகையில் ஒவ்வொரு சொட்டுக்கும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பிரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கரண்டியைத் தூக்கினால் நூலாக வழிந்து, மேலே ஒரு கணம் நின்று, பிறகு அமிழ்ந்தது. பேணியிலிருந்து ஒரு கட்டியை நசித்துப் போட்டார். கோப்பையும் அவர் ஒருநாள் யன்னலால் கண்ட அந்தப் பழைய கோப்பைதான்.

“தாங்கோ, உப்புப் பாப்பம்” என்று கையை நீட்டினேன்.

“வேண்டாம். அவருக்கு வைக்கிறதுக்கு முதல் இதை ஆரும் வாயிலை வைக்கப்படாது.”

“இது படையலுக்கில்லையே. பழகிப் பாக்கிறதுதானே?”

“ஒருவாய் பாரன் எண்டு அவர் கேட்ட நேரம் பார்க்காமல், இப்ப அவருக்கு முதலே பார்க்கிறதோ?”

கோப்பையோடு கொண்டுபோய் வாழையடியில் ஊற்றிவிட்டார். திவசத்துக்கு முன் இன்னும் மூன்று தரம் செய்தார். மூன்று தரமும் ஊற்றினார். ருசி பாராமல் சமைப்பது எங்கள் பெண்களுக்குப் புதிதல்ல. படையலுக்குச் சமைக்கும் எதையும் அவர்கள் நாக்கில் வைப்பதில்லை. ஆனால் அவையெல்லாம் தெரிந்த கறிகள். கை அளவு தெரியும். இது ஒருமுறையேனும் நாக்கில் படாத சாமான். உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று கைக்கு எதுவும் தெரியாது. செபநாயகத்தார் காற்றில் காட்டிய கை அசைவு மட்டும்தான் இருந்தது.

திவசத்தன்று காலையில் ஐயர் வந்து கிரியை முடித்துப் போனார். குஞ்சியப்புவின் படத்துக்கு முன் தலைவாழை இலை போட்டுச் சின்னம்மா தானே பரிமாறினார். கடைசியாகச் சலாது. கிணற்றடிப் பாத்தியில் இந்த மாரிக்கு யாரும் இலை நடாததால், சந்தையில் இலை தேடி நான் இரண்டு நாள் அலைந்து வாங்கியிருந்தேன். மஞ்சள் பால் இலையின் மேல் மெல்லப் படர்ந்தது. ஐயா மறிக்கவில்லை. கொக்குவில் கதையை நான் அவருக்குச் சொல்லியிருந்தேன். கதவைச் சாத்தினோம். எல்லோரும் வெளியே நின்றோம். சின்னம்மா கதவுக்கு முதுகைக் காட்டி, கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். இவ்வளவு நேரம் போதும் என்று ஐயா சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தார்கள்.

பந்தி வைத்தபோது விறாந்தையில் பதினைந்து பேர் இருந்தார்கள். எதிர்வளவு ஆழ்வாப்பிள்ளையர் முதல் இலையில். அவருக்கு எதையும் உரத்துச் சொன்னால்தான் சொன்ன மாதிரி. செபநாயகத்தார் அவருக்குப் பக்கத்தில். சோறு கறி போட்டு முடித்து, சின்னம்மா சலாதுக் கோப்பையோடு வந்தார்.

ஆழ்வாப்பிள்ளையர் இலைக்கு மேலே கையை விரித்து மறித்தார். “உதென்ன பிள்ளை மஞ்சளாய்? முட்டைக் கிளாக்கர்ரை சாமானோ? செத்தும் மனுசன் விடேல்லையோ?”

இரண்டொருவர் சிரித்தார்கள். ஐயா, “ஆழ்வாப்பிள்ளையண்ணை…” என்று தொடங்கினார். சின்னம்மா கோப்பையைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“இதிலை முட்டை இல்லை, அண்ணை. கச்சானும் தேங்காய்ப்பாலும். மஞ்சள், கறி மஞ்சள். அவர் ஒருநாளும் முட்டை போட்டதில்லை.”

“பின்னை ஊரெல்லாம் அப்பிடிச் சொல்லிச்சுதே?”

“நான் சொன்னதைத்தான் ஊர் சொன்னது. நான் பேணியைத் திறந்து பார்க்கேல்லை. அவர் சொல்லியும் நம்பேல்லை. பிழை என்னிலை.”

விறாந்தையில் யாரும் கையை இலையில் வைக்கவில்லை. என் அம்மா குசினி வாசலில் நின்று சேலைத் தலைப்பைப் பிசைந்தார். ஆழ்வாப்பிள்ளையர் ஒருமுறை செருமினார். சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தார். தன் இலையைப் பார்த்தார்.

“அப்ப பிறகென்ன, விடு பிள்ளை ஒரு கரண்டி” என்று கையை எடுத்தார். வாயில் வைத்து மென்றார். “கச்சான் வாசம் அடிக்குது. ம், முட்டையில்லைத்தான்.” பிறகு அடுத்த இலைக்காரரிடம், “தின்னும் காணும், சீவரத்தினம் சுத்தச் சைவம்” என்று உரத்துச் சொன்னார். அவர் உரத்துச் சொன்னது சந்தி வரைக்கும் போய்ச் சேரும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

செபநாயகத்தார் தன் இலையில் விட்டதைச் சோற்றோடு பிசையாமல், தனியே தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். சின்னம்மா அவருக்கு முன்னால் கோப்பையோடு நின்றார். நகரவில்லை.

“இதுதான் தங்கச்சி” என்றார் அவர். “அப்பிடியே இதுதான்.”

அவர் சரியாகச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அவர் அதைச் சாப்பிட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சின்னம்மா “ஓம்” என்றுவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

எல்லாப் பந்தியும் முடிந்து ஆட்கள் போன பிறகு, அம்மா படையல் இலையைத் தூக்கிக்கொண்டு வந்து குசினியில் சின்னம்மாவுக்கு முன்னால் வைத்தார். புருசனுடைய படையலைப் பெண்சாதி சாப்பிடுவது எங்கள் வழக்கம். சோறு காய்ந்து போயிருந்தது. வடை நமத்திருந்தது. சலாது இலை வாடி, மஞ்சள் பால் அதன் ஓரமாக வடிந்து நின்றது. நான் தண்ணீர்ச் செம்போடு குசினி வாசலில் இருந்தேன்.

சின்னம்மா மற்ற எதையும் தொடவில்லை. சலாதை எடுத்து, மெதுவாக மென்று விழுங்கினார். இன்னொரு வாய் எடுத்தார். அவருடைய முகத்தில் எதையாவது கண்டுபிடிக்கலாமா என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

“எப்பிடிச் சின்னம்மா?”

“செபநாயகத்தார் சரியெண்டு சொன்னவர்.”

“அவர் சொன்னது கிடக்கட்டும். உங்களுக்கு?”

அவர் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“எனக்கென்னண்டு மோனை தெரியும்? நான் முந்திச் சாப்பிட்டதில்லையே.”

தண்ணீரை வாங்கி ஒரு மிடறு குடித்தார். பிறகு இலை ஓரத்தில் வடிந்து நின்ற பாலையும் விரலால் வழித்துச் சாப்பிட்டு முடித்தார்.